சண்டைக்கு எந்தத் தலைப்பு?

கணக்குப் புத்தகத்தில் சம்பளத்துக்கு ஒரு தலைப்பு உண்டு. வாடகைக்கு உண்டு. தபால்தலைக்குக்கூட உண்டு. ஆபீஸில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு திரிவதால் ஆகிற செலவுக்கு? கிடையாது. பி.காம். மூன்று வருஷத்திலும் எந்த வாத்தியாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

திருவண்ணாமலைக்குப் போனால் அந்தப் பாடம் கிடைக்கும். அதுவும் எங்கே? ரமணாசிரமத்தில்.

ஆசிரமம் எப்படி ஆபீஸாகும் என்று கேட்காதீர்கள். 1922ல் ரமணரின் தாயார் அழகம்மாள் மறைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதிக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையாக ஆரம்பித்த இடம் அது. பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் சமையல்கட்டு, மாட்டுக் கொட்டில், புத்தகப் பதிப்பு, வருகிற கடிதங்களுக்குப் பதில், ஓயாத கட்டட வேலை என்று விரிந்துவிட்டது. சம்பளம்தான் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது, பொறாமை உள்பட.

வருமானம் பக்தர்கள் தருவதுதான். ரமணர் பணத்தைக் கையால் தொடமாட்டார். ஆனால் சிக்கனத்தில் மகா கெட்டிக்காரர். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுப்பார். ஒருபக்கம் காலியாக இருக்கும் தாள்களைச் சேர்த்துத் தைத்து நோட்டுப் புத்தகமாக்கிக் கொள்வார். கீரைக் காம்பைக்கூட வீணாக்க விடமாட்டார்.

அரிசி மணிக்குக் கணக்குப் பார்த்த அந்த இடத்துக்குத்தான் கோர்ட் செலவு வந்து சேர்ந்தது.

பெருமாள்சாமி என்று ஒரு சீடர். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த நாட்களிலேயே நிர்வாகத்தைக் கவனித்தவர். கீழே ஆசிரமம் வளர்ந்தபோது பொறுப்பு கைமாறியது. 1930ல் ரமணரின் தம்பி நிரஞ்சனானந்தர் சர்வாதிகாரி ஆனார். (பயப்படாதீர்கள், அங்கே அந்தச் சொல்லுக்கு நிர்வாகி என்றுதான் அர்த்தம்.) எல்லாரும் அவரைச் சின்னசாமி என்பார்கள். 'நேற்று வந்தவன் முதலாளி, முதலில் வந்த நான் யார்?' உலகத்தின் எல்லா ஆபீஸிலும் கேட்கிற கேள்விதான். பெருமாள்சாமி அதைக் கோர்ட்டுக்கே கொண்டுபோனார். நிர்வாக உரிமை தனக்கு வேண்டும் என்று வழக்கு. 1933ல் ரமணரைத் திட்டி ஒரு புத்தகமும் போட்டார்.

பக்தர்கள் கொதித்துப் போனார்கள். ரமணர் என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் புத்தகத்தை ஆசிரம வாசலிலேயே வைத்து விற்கலாமே என்றார்! இதை ஆன்மிகம் என்பார்கள். எனக்கென்னவோ இன்னொரு வக்கீல் ஃபீஸ் மிச்சமானதுதான் கண்ணில் படுகிறது.

முதல் வழக்கோ லேசில் விடவில்லை. ரமணர் ஊரைவிட்டு நகராதவர். அதனால் 1936ல் கமிஷன் ஆசிரமத்துக்கே வந்து அவரை விசாரித்தது. சந்நியாசிக்குச் சொத்து உண்டா? நீங்கள் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர்? நான்கு ஆசிரமங்களையும் கடந்த அதியாசிரமி என்று பதில் சொன்னார் ரமணர். கடைசியில் பெருமாள்சாமி தோற்றார். ஜெயித்தவர்களுக்கு மட்டும் என்ன லாபம்? ஏற்கெனவே தங்களிடம் இருந்ததைத் தக்கவைத்துக் கொள்ளத்தான் அத்தனை அலைச்சலும். வக்கீலுக்குக் கொடுத்தது ரசீதில் இருக்கும். வாய்தாவுக்கு நடந்த நாட்களில் நின்றுபோன வேலையை எந்த ரசீதில் தேடுவது?

கோர்ட்டுக்குப் போகாத சண்டை இன்னும் மோசம். 1928ல் வந்து சேர்ந்த அண்ணாமலை சுவாமிதான் கட்டட வேலைகளுக்கு மேஸ்திரி மாதிரி. மாட்டுக் கொட்டில் கட்டும்போது, கையில் இருக்கும் காசுக்குச் சின்னதாகப் போதும் என்றார் சின்னசாமி. பெரிதாகக் கட்டு, ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதே என்றார் ரமணர். திட்டு முழுக்க யாருக்கு விழுந்திருக்கும்? பின்னாளில் அண்ணாமலை சுவாமியே இதையெல்லாம் டேவிட் காட்மனிடம் சொல்லி, 1994ல் புத்தகமாக வந்தது. படித்தால் பாவம் அண்ணாமலை சுவாமி என்றுதான் தோன்றும். எனக்குச் சின்னசாமி மேலும் இரக்கம் உண்டு. செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பில் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தன்னைக் கேட்காமல் சுவர் வளர்ந்துகொண்டே போனால் எந்த மேனேஜர் சும்மா இருப்பார்? நல்லவேளையாக நன்கொடை வந்தது, பெரிய கொட்டிலே எழும்பியது.

பிளானைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது கொத்தனார் சும்மா நிற்பார். அன்றைய கூலி மட்டும் நிற்காது. அது 'கட்டட வேலை' என்ற தலைப்பிலேயே போய் ஒளிந்துகொள்ளும். ஆடிட்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அகப்படாது.

1938 மார்ச்சில் ஆசிரமத்துக்காக ஓர் உயில் பதிவானது. நிர்வாகம் நிரஞ்சனானந்தருக்கு, அவருக்குப்பின் அவர் மகன் வெங்கட்ராமனுக்கு, பிறகு அந்த வம்சத்துக்கு. எதிலும் கையெழுத்துப் போடாத ரமணர் அதில் ஒரு கோடு மட்டும் கிழித்தார். நிரஞ்சனானந்தர் 1953ல் மறைந்தபோது உயிலில் சொன்னபடியே வெங்கட்ராமன் பொறுப்புக்கு வந்தார்.