கறையும் ஒற்றலும்

போன வாரம் அல்லிநகரத்து வீட்டில் பரணை ஒழித்தபோது, மேலே குமிழ் வைத்த அரைவட்ட மரக்கட்டை ஒன்று கிடைத்தது. பேத்தி அதைத் தொட்டில் போல ஆட்டிப் பார்த்து, "இது என்ன தாத்தா?" என்றாள். அடியில் ப்ளாட்டிங் பேப்பரைச் செருகி, ஈரக் கையெழுத்தின் மேல் உருட்டுகிற கட்டை என்றேன். உடனே கைபேசியில் 'ப்ளாட்' என்ற சொல்லைத் தேடினாள். "கறைன்னு போட்டிருக்கே தாத்தா. கறையை எடுக்கிற சாமானுக்கு இந்தப் பேரா?"

நியாயமான கேள்விதான். ஆங்கிலத்தில் 'ப்ளாட்' முதலில் கறையையே குறித்தது; 14ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தப் பொருள் உண்டு. கறைப்படுத்து என்ற வினையும் அதிலிருந்து வந்தது. அந்தக் கறையை உறிஞ்சி எடுக்கும் வேலைக்கும் அதே சொல் போய் ஒட்டிக்கொண்டது. ஈட்டன் பள்ளியைச் சேர்ந்த வில்லியம் ஹார்மன் 1519இல் வெளியிட்ட லத்தீன் பாடநூலிலேயே, ஈர எழுத்தை உலர்த்தும் ப்ளாட்டிங் பேப்பர் வருகிறது. ஆனாலும் அதற்குப் பிறகு நெடுங்காலம் பலரும் எழுத்தின் மேல் நுண்மணலைத்தான் தூவினார்கள்.

ஒரு காகித ஆலையில் யாரோ பசை சேர்க்க மறந்ததால் இந்தத் தாள் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, சூட்சுமம் பசையில்தான் இருக்கிறது. எழுதும் தாளில் மை பரவாமல் இருக்கப் பசை ஏற்றுவார்கள். இதில் அது கிடையாது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல நார்களின் இடுக்குகள் மையை இழுத்துக்கொள்ளும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஊதா மை தொட்டு எழுதிய அந்த வகுப்பில் இதற்கு 'புவார்' என்று பெயர். குடிப்பதைச் சொல்லும் 'புவார்' என்ற வினையிலிருந்து வந்த 'புவார்ட்' என்பதுதான் எழுத்துப்படி. கடைசி எழுத்தை வாயில் சொல்வதில்லை. ஆக, பிரெஞ்சுக்காரருக்கு அது குடிகாரத் தாள்! தமிழிலோ மையொற்றி. தாள் என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு, கை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிற பெயர். ஒற்றடம் கொடுப்பதும் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் இதே ஒற்றுதான்.

இந்தச் சொல்லின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு நில ஆவண நகல் எழுதிக்கொண்டிருந்தேன். சர்வே எண் மேல் ஒரு சொட்டு மை விழுந்தது. பதறிப்போய் ப்ளாட்டிங் பேப்பரை வைத்துத் தேய்த்துவிட்டேன். 3 பார்வைக்கு 8 ஆகிவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை. கடன் கேட்டுப் போன இடத்தில் கவனித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் போகத்துக்குப் பெரியாறு தண்ணீர் திறந்திருந்த நேரம். புது நகலில் கையெழுத்தாக அந்த மனிதர் மூன்று முறை பஸ் ஏறி வந்தார். அதற்குள் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் வெளியே வட்டிக்கு வாங்கித்தான் நட்டார்.

தலைமை எழுத்தர் சத்தம் போடவில்லை. என் மேசைக்கு வந்து, தாளில் ஒரு சொட்டு மையை விட்டு, அதன் மேல் மையொற்றியை வைத்து விரலால் அழுத்தி எடுத்துக் காட்டினார். "ஒத்தணும் தம்பி, தேய்க்கக் கூடாது" என்றார். விவசாயி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எழுத்து இப்ப சரியா இருக்குல்ல சாமி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பரண் கட்டையில் கடைசியாகச் செருகிய தாள் இன்னும் இருக்கிறது. பேத்தி அதைக் கண்ணாடி முன் பிடித்து என் கையெழுத்தில் பாதியைப் படித்துவிட்டாள்.