மட்டக்களப்பு வாவிக்கரையில் மோடம் இரைந்த காலம்

இலங்கையில் வணிக அடிப்படையிலான இணையச் சேவை 1995இல் கொழும்பில் தொடங்கியது. லங்கா இன்டர்நெட் என்ற தனியார் நிறுவனம் அதனைத் தொடக்கி வைத்தது. அடுத்த ஆண்டே ஸ்ரீலங்கா டெலிகொம்மும் களத்தில் இறங்கியது. தெற்காசியாவில் இணையத்துக்கு முந்திக்கொண்ட நாடுகளுள் நமதும் ஒன்று எனப் பெருமையாகச் சொல்வோருண்டு. அந்தப் பெருமை மட்டக்களப்பு வாவியைத் தாண்டிச் சென்ற கதை வேறு.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் மாவட்டம் இரண்டாகக் கிடந்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை. நகரமும் படை முகாம்களும் அங்கே. மேற்கே படுவான்கரை, அதன் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அங்குள்ள பெரும்பாலான ஊர்களுக்கு மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கொக்கட்டிச்சோலையில் நடந்ததைக் கொழும்புப் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டுமானால் செய்தியாளர் முதலில் மண்முனைத் துறையில் வாவியைக் கடக்க வேண்டும். சோதனைச் சாவடிகளைத் தாண்டி நகரை அடைந்து, தொலைநகல் உள்ள கடையைத் தேட வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் அந்தத் தொலைநகலின் பக்கத்தில் ஒரு கணினியும் மோடமும் வந்து அமர்ந்தன.

மோடம் இரைந்தால் நிம்மதி, இரையாவிட்டால்தான் சோதனை. அன்றைய மோடங்கள் பலவும் தொலைபேசியின் தொனியைக் கேட்ட பின்னரே எண்ணைச் சுழற்றும். ஊருக்கு ஊர், நிலையத்துக்கு நிலையம் தொனி மாறுபட்டால், காதில் வைத்தால் நன்றாகக் கேட்கும் இணைப்பையும் 'தொனி இல்லை' என்று மோடம் கைவிரித்துவிடும். மேலதிக அமைப்புகளுக்கான கட்டத்தில் எக்ஸ்3 என்று எழுதிவிட்டால், 'தொனிக்குக் காத்திராமல் சுழற்று' என்று பொருள். இந்த இரண்டெழுத்து மந்திரம் அறிந்தவருக்கு அந்நாளில் தனி மரியாதை இருந்தது!

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1998இல் வந்த வி.90 தரம் விநாடிக்கு 56 கிலோபிட் வரை தரும் என்றார்கள். சேவை வழங்குநரின் முனை முழுவதும் இலக்கமுறையில் இருந்து, இடையில் ஒரேயொரு மாற்றம் மட்டும் நிகழ்ந்தால்தான் அது சாத்தியம். உப்புக் காற்றில் செப்புக் கம்பியின் மூட்டுகள் அரித்து, மாரி மழையில் நீர் இறங்கிய இணைப்பில் அந்த எண் அட்டைப்பெட்டியின் மேல் மட்டுமே இருந்தது. வேகத்தை வேண்டுமென்றே குறைத்து 28.8இல் நிறுத்துவதே புத்திசாலித்தனம்; மெதுவானாலும் பாதியில் அறுந்துபோகாது. விண்டோஸ் 98இல் 'வலையமைப்பில் நுழைக' என்ற கட்டத்தின் அடையாளத்தை நீக்கினால் ஒவ்வோர் அழைப்பிலும் சில விநாடிகள் மிஞ்சும். நிமிடக் கணக்கில் கட்டணம் செலுத்துபவருக்கு அதுவும் காசுதான்.

இணைப்புக் கிடைத்தாலும் தமிழ் போய்ச் சேருமா? பாமினி எழுத்துருவில் தட்டிய செய்தி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய் விரியும். ஆகவே அவசரச் செய்திகள் ஆங்கிலத்தில் போயின, அல்லது மீண்டும் தொலைநகலிடமே சரண். ஒருங்குறி பரவும்வரை இத்தொல்லை தீரவில்லை.

1997இல் தொடங்கிய தமிழ்நெற் இணையத்தளம், கிழக்கின் சம்பவங்களை அன்றன்றே உலகெங்கும் உள்ள தமிழர் படிக்கும் நிலையை உண்டாக்கியது. அதன் முக்கிய ஆசிரியராகத் திகழ்ந்தவர், தராக்கி என்ற பெயரில் எழுதிய மட்டக்களப்பின் மைந்தர் தர்மரத்தினம் சிவராம். அதில் வெளியான செய்திகளில் செய்தியாளரின் பெயர் இராது. ஆனால் எந்தத் தொலைபேசியிலிருந்து எந்த நேரத்தில் எந்த எண் சுழற்றப்பட்டது என்பது கட்டணப் பதிவில் இருக்கும். சிறிய நகரில் அதைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது கடினமான காரியமன்று. மோடத்தின் அமைப்புகளை எவ்வளவுதான் திருத்தினாலும் இந்தப் பதிவை அழிக்க வழியிருக்கவில்லை.

2004 மே 31ஆம் திகதி வீரகேசரியின் மட்டக்களப்புச் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டார். மறுநாள் அவரது உடல் நாடாளுமன்றத்துக்கு அண்மையில் கிடந்தது. இரு கொலைகளுக்கும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

2007 ஜூலையில் குடும்பிமலை படையினர் வசமானதோடு வாவியின் இருகரைப் பிரிவு முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே கம்பியில்லாத் தொலைபேசிகள் பரவத் தொடங்கி, மோடத்தின் இரைச்சலும் அடங்கிக்கொண்டிருந்தது. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல். அப்போது படகுத்துறையில் நின்ற இளைஞர் சிலரின் கையில் இணையமுள்ள கைத்தொலைபேசி இருந்திருக்கும்.