மேட்டில் நின்ற வண்டி

கார் ஓட்டும் டெஸ்டில் நான் ஃபெயில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளாஸில் யாரும் இனிமேல் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம் :-)

நேர் ரோட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓட்டினேன். ஒரு சின்ன மேட்டில் நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகிவிட்டது. அவசரமாக ஸ்டார்ட் செய்து எடுப்பதற்குள் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னாடி மொபெட்டில் ஒரு பால்காரர். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்தால் அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். (அம்மாவின் அப்பா. நாமக்கல் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.) முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மேட்டுல விட்டுட்டியா கண்ணு?"

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. எப்படித் தெரியும் என்றேன். "எல்லாரும் அங்கதான் விடுவாங்க" என்றார்.

யார் அந்த 'எல்லாரும்' என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. பார்த்தால், கார் பிறந்து இரண்டே வருஷத்தில் ஒரு அம்மா மேட்டில் மாட்டியிருக்கிறார்!

முதலில் மாட்டியவர்

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886ல் காப்புரிமை வாங்கினார். வாங்க ஆள்தான் வரவில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலேயே, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். 100 கி.மீ.க்கு மேல் தூரம். அதுவரை யாரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே கிடையாது. வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், துணிக்கறை எடுக்க விற்ற ஒரு திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு போனார்.

மேடு வந்தது. வண்டி ஏறவில்லை. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். ஊர் திரும்பியதும் பெர்த்தா கணவரிடம் சொன்ன குறைகளில் முக்கியமானது இதுதான்: மேடு ஏறுவதற்கு இன்னொரு கியர் வேண்டும். பென்ஸும் சேர்த்தார்.

ஏன் ஏறவில்லை? பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. நின்ற நிலையிலிருந்து இழுக்க அதற்குத் தெரியாது. நிமிஷத்துக்குச் சில நூறு சுற்றாவது சுற்றிக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். சக்கரமோ நின்றுகொண்டிருக்கிறது. ஓடுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் மெதுவாகச் சேர்த்துவைக்கும் வேலைதான் கிளட்சுக்கு. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டித் தருவது சின்ன கியர். சைக்கிளில் மேடு ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கிறோமே, அதுபோல எழுந்து நிற்க எஞ்சினால் முடியாது. அதனால்தான் கியர்.

நீராவிக்கும் கரண்டுக்கும் இந்தக் குறை கிடையாது. இரண்டும் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். 1900ல் அமெரிக்காவில் தயாரான சுமார் 4,200 கார்களில் பெட்ரோல் கார்கள் கால்வாசிக்கும் குறைவு. மற்றதெல்லாம் நீராவியும் மின்சாரமும்தான். அதாவது 'கார் ஓட்டுவது' என்றால் கியர் போடுவது என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பல்லோடு பல்

இன்று நாம் போடும் கியருக்குத் தாத்தா பிரான்சில் பிறந்தது. பான்ஹார், லெவாசர் என்ற இரண்டு கூட்டாளிகள். 1891 வாக்கில் எமில் லெவாசர் எஞ்சினை முன்பக்கம் வைத்து, அதன் பின்னால் கிளட்ச், அதற்கும் பின்னால் நகர்ந்து நகர்ந்து சேரும் பல்சக்கரங்கள் என்று வரிசையாக அமைத்தார். சாதாரண ஆள் இல்லை அவர். 1895ல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் சுமார் 1,180 கி.மீ. பந்தயத்தில், 48 மணி நேரத்துக்கும் மேல் ஏறக்குறைய முழு தூரத்தையும் தானே ஓட்டி முதலில் வந்தவர்.

அவருடைய கியர் பாக்ஸில் ஒரு சிக்கல். வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பல்சக்கரங்களை நேராக ஒன்றோடு ஒன்று தள்ள வேண்டும். வேகம் ஒத்துப்போகாவிட்டால் 'கர்ர்ர்' என்று கத்தும். பல் உடையவும் செய்யும். அதைத் தவிர்க்க டிரைவர்கள் கண்டுபிடித்த வித்தைதான் டபுள் கிளட்ச். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவா, கிளட்சை விடு, கீழ் கியருக்குப் போகிறாய் என்றால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை ஏற்று, மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைப் போடு. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று காட்ட மீட்டர் எதுவும் இல்லை. காதுதான் மீட்டர்.

1901ல் வந்த மெர்சிடிஸ் காரில் கியர் கம்பிக்கு வரிசை வரிசையாகத் தடம் வெட்டி, வேண்டிய கியருக்கு நேராகப் போகும்படி செய்தார்கள். நம் கியர் குமிழில் இருக்கும் கட்டம் அந்த வழியில் வந்ததுதான்.

நான் டெஸ்டில் வண்டியை ஆஃப் செய்தபோது சாவியைத் திருப்பினால் போதும். 1912 மாடல் கேடிலாக்கில்தான் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன்னால் வண்டி ஆஃப் ஆனால் இறங்கி, முன்னால் போய், இரும்புக் கம்பியைச் சொருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். அன்றைய கற்றுக்குட்டிக்கு கிளட்சை அவசரப்பட்டு விடுவது வெறும் வெட்கக்கேடு இல்லை, உடம்புக்கே ஆபத்து.

யார் சொல்லித் தந்தார்கள்?

நம் ஊர் சட்டங்களுக்கு முன்மாதிரியாக இருந்த பிரிட்டனில் 1903ல் லைசென்ஸ் வந்தது. ஐந்து ஷில்லிங் கட்டினால் கையில் தருவார்கள். டெஸ்ட்? கிடையாது! 1910ல் லண்டனில் பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் மோட்டாரிங் தொடங்கியது. அதில் சேர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு வேறு வழியில் போனார். 1908ல் வந்த மாடல் டி காரில் நாம் போடுவது போல் கியரே கிடையாது. இடது பெடலை முழுசாக மிதித்தால் சின்ன கியர், முழுசாக விட்டால் பெரிய கியர், நடுவில் நியூட்ரல். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். ஆக்ஸிலேட்டர் கையில்! 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றன. அப்புறம் வந்த மாடல் ஏ-யில் மற்ற கார்களைப் போலவே கிளட்ச், கியர் கம்பி. பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டிய விவசாயிகள் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. கால் ஒன்று நினைக்கும், வண்டி ஒன்று செய்யும். அவர்கள் கஷ்டம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

கற்காமல் ஓட்டியதன் விலை சாலையில் தெரிந்தது. 1934ல் பிரிட்டன் சாலைகளில் இறந்தவர்கள் 7,343 பேர். இன்றைக்கு இருப்பதில் ஒரு சிறு பங்கு வண்டிகள்கூட அன்று அங்கே கிடையாது. அந்த வருஷமே சட்டம் வந்தது. 1935 ஜூன் 1 முதல் புதிதாக ஓட்டுபவர்களுக்கு டெஸ்ட் கட்டாயம். கட்டணம் ஏழரை ஷில்லிங். டெஸ்டுக்கென்று தனி இடம் இல்லாததால், ரயில் நிலையத்திலோ பூங்காவிலோ அதிகாரியைச் சந்தித்து ஓட்டிக்காட்ட வேண்டும். முதல் வருஷம் தேறியவர்கள் 63 சதவீதம். ஆக, ஃபெயிலானதில் எனக்கு நல்ல துணை இருக்கிறது.

ஒரே ஆள், இரண்டு வேலை

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர். கியர் பல் கத்துவதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து எளிமையானது. பற்கள் சேருவதற்கு முன்னால் சின்னக் கூம்பு ஒன்று உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். பிறகு பல் சத்தமில்லாமல் சேரும். இதுதான் சிங்க்ரோமெஷ். 1928ல் கேடிலாக் கார்களில் வந்தது. டிரைவரின் காது செய்த வேலையை ஒரு பித்தளை வளையம் எடுத்துக்கொண்டது.

அதோடு அவர் விடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸில் அவர் வழிநடத்திய குழுதான் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக்கைக் கொண்டுவந்தது. கிளட்ச் பெடலே இல்லாத, தானே கியர் மாற்றும், பெருமளவில் விற்ற முதல் கார் அது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளிலும் பொருத்தினார்கள். கியர் போடுவதைச் சுலபமாக்கியவரே, பன்னிரண்டு வருஷத்தில் கியர் போடுவதையே தேவையில்லாமல் செய்துவிட்டார்!

அமெரிக்கா அந்தப் பக்கம் போனது. பெட்ரோல் விலை அதிகம், எஞ்சின் சின்னது, கையில் காசு கம்மி என்று ஐரோப்பாவும் நாமும் கிளட்சோடு நின்றுவிட்டோம்.

கிளீனர் படிப்பு

இனி நம் ஊர். அம்பாசிடரிலும் பத்மினியிலும் முதலில் கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்திலேயே இருந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800ல் கம்பி கீழே, நான்கு கியர். டிரைவிங் ஸ்கூல்கள் பெரும்பாலும் மாருதிக்கு மாறின. நம் அப்பா அம்மாக்களில் நிறைய பேர் அதில்தான் கற்றிருப்பார்கள்.

ஆனால் லாரி வேறு உலகம். கார்களில் சிங்க்ரோமெஷ் வந்து பல காலம் ஆன பிறகும் நம் பழைய லாரிகளில் அது இல்லை. லெவாசர் காலத்து டபுள் கிளட்ச்தான். அதைக் கற்றுத் தர ஸ்கூலும் கிடையாது. அப்புச்சி சேர்ந்தது கிளீனராக. முதல் வருஷம் வண்டி கழுவுவது, டயருக்குக் கட்டை போடுவது, டிரைவருக்கு டீ வாங்கி வருவது. மேட்டில் வண்டி நின்றால் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பவன் கிளீனர்தான். (மான்ஹைம் பையன்கள் செய்த வேலையின் அடுத்த கட்டம்!) இரவில் பக்கத்தில் உட்கார்ந்து டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். அப்படியே எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, எந்தச் சத்தத்துக்கு எந்தக் கியர் என்று மனப்பாடம் ஆகிவிடும். இரண்டு வருஷம் கழித்து, காலி வண்டி, காலி ரோடு, விடியற்காலை... "பிடிடா" என்று டிரைவர் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்.

"கியரைத் தப்பாப் போட்டா?" என்று கேட்டேன்.

"முதுகுல ஒண்ணு விழும். பல்லு போனா மொதலாளிக்குச் செலவு. தொப்பூர் கணவாய்ல போனா உசுருக்கே செலவு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே அந்தக் கணவாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாரம் ஏற்றிய லாரி இறங்கும்போது சின்ன கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டும். கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டினால் பிரேக்கை மட்டும் நம்பித்தான் இறங்க வேண்டும். அது சூடேறினால் பிடிக்காது. அவருக்குக் கியர் என்பது கெட்டிக்காரத்தனம் இல்லை, வீட்டுக்குத் திரும்பி வருவது.

மறுபடி மேடு

2014ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. வந்தது. அதே கியர் பாக்ஸ், அதே கிளட்ச். மிதிப்பதும் மாற்றுவதும் மட்டும் கருவி. இப்போது மின்சாரக் கார்களில் நாம் மாற்ற வேண்டிய கியரே இல்லை. நின்ற இடத்திலிருந்து சத்தமில்லாமல் இழுக்கும். 1900க்கே திரும்பிப் போனது மாதிரி.

அப்படியானால் நான் எதற்காக இந்த மேட்டில் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறேன்? சும்மா கேட்கவில்லை, கோபமாகவே கேட்டேன். 1989ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளைத் தேடிப் பார்த்தேன். டெஸ்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலில், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. என்ன கியர் வண்டி என்பதைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. உருளக் கூடாது, அவ்வளவுதான்.

அப்போதுதான் உறைத்தது. நூற்று முப்பது வருஷமாக மாறிக்கொண்டே இருப்பது வண்டியிடம் நாம் பேசும் முறை. கை போய்க் கால், காது போய்ப் பித்தளை வளையம், கால் போய்க் கம்ப்யூட்டர். ஒவ்வொரு தலைமுறையும் தான் கற்றதைத்தான் 'நிஜமான டிரைவிங்' என்று சொல்லிக்கொள்கிறது. மாறாதது ஒன்றுதான். பின்னால் ஒரு பால்காரர் நிற்கிறார். நம் வண்டி அவர் மேல் போகக் கூடாது.

நேற்று சாயந்திரம் அப்புச்சி என்னோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஊர்க்கோடி பாலத்து மேட்டில் நிறுத்தச் சொன்னார். "ஹேண்ட் பிரேக்க இழு. கண்ண மூடு. கிளட்சக் கொஞ்சங் கொஞ்சமா விடு. சத்தம் எறங்குதா? அங்கயே நிறுத்து. இப்பக் கண்ணத் தொற, பிரேக்க விட்டுட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடு."

எஞ்சின் சத்தம் கனமாக இறங்கியது. வண்டியின் மூக்கு லேசாக எழுந்தது. பின்னால் ஒரு அங்குலம்கூடப் போகவில்லை.

அடுத்த டெஸ்ட் வரும் புதன்கிழமை. முடிவு என்னவானாலும் இங்கே வந்து சொல்கிறேன்.