ஐப்பசி மழையும் கரி நெருப்பும்



தீபாவளி முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை மாலை, என் வகுப்புப் பெற்றோர்கள் சிலர் ஒன்றுகூடி, பாலிக் புலாவில் ஒருவர் வீட்டு முற்றத்தில் மாணவர்களுக்குச் சிறு விருந்து ஏற்பாடு செய்திருந்தனர். நம் நாட்டில் பனிக்காலம் கிடையாது. ஆயினும் ஆண்டின் இறுதிப் பகுதியில் பெய்யும் மழைக்குப் பின், மலையடிவாரத்தில் உள்ள எங்கள் ஊரில் மாலைப்பொழுது சற்றே குளிர்ந்துவிடும். அன்றும் நல்ல மழை. கரியடுப்பைத் தகரக் கூரையின் கீழ் நகர்த்தி வைத்து, மூங்கில் குச்சிகளில் கோத்த கோழியிறைச்சியைச் சுடத் தொடங்கினார்கள். ஒருவர் விசிறியால் வீச, மற்றொருவர் செரைத் தண்டை நசுக்கி எண்ணெய் தோய்த்து இறைச்சியின்மீது தடவினார். பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நின்று கைகளை நீட்டிக் குளிர்காய்ந்தனர்.

அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "டீச்சர், இப்படி வெளியில் நெருப்பு மூட்டிச் சுட்டுச் சாப்பிடுவது வெள்ளைக்காரர் பழக்கம்தானே?" என்று கேட்டான்.

"இல்லையப்பா. சாத்தே என்பதே தமிழ்ச்சொல்தான். நம்முடைய 'சதை' என்ற சொல்லே மலாயில் சாத்தே ஆயிற்று" என்றேன். அருகிலிருந்த பெற்றோர்கள் மகிழ்ச்சியோடு தலையசைத்தனர். அவன் மட்டும் விடவில்லை. "எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, டீச்சர்?" என்றான்.

என்னிடம் விடையில்லை. திங்கட்கிழமை சொல்வதாகக் கூறிச் சமாளித்தேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக் காலத்திலிருந்து நான் கேட்டும் சொல்லியும் வந்த செய்தி அது. ஒருமுறையேனும் சரிபார்த்ததில்லை.

அன்றிரவே தேடத் தொடங்கினேன். சாத்தே ஜாவாத் தீவில் தெருவோர வணிகர்களால் வளர்க்கப்பட்ட உணவு என்பதும், இந்திய, அரபு முஸ்லிம் வணிகர்கள் கொண்டுவந்த கபாப் அதற்குத் தூண்டுகோலாக இருந்தது என்பதும் உணவு வரலாற்றை எழுதியோர் பலரின் கருத்து. பெயரைப் பற்றியோ கருத்து வேற்றுமை உண்டு. நாம் 'சதை' என்கிறோம். ஹொக்கியன் மொழியில் 'மூன்று துண்டு' எனப் பொருள்படும் தொடரிலிருந்து வந்தது என்பாரும் உளர். ஒலி ஒத்திருப்பது மட்டுமே சான்றாகிவிடாது. கப்பல் 'கப்பால்' ஆனதும், கடை 'கெடாய்' ஆனதும், அப்பம் 'அப்பாம்' ஆனதும் மொழியறிஞர்கள் ஏற்றுக்கொண்டவை. சாத்தே அந்த வரிசையில் உறுதியாக அமரவில்லை.

மாணவனின் கேள்விக்கும் விடை கிடைத்தது. 'பார்பிகியூ' என்னும் சொல்லே வெள்ளைக்காரருடையதன்று. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் நெருப்பின்மேல் அமைத்த மரச்சட்டத்தைக் குறித்த சொல்லை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயர் பின்னர் பெற்றனர்.

அப்படியானால் நமக்கென்று சான்றோடு சொல்ல ஏதுமில்லையா? உண்டு. அதற்காகத் தொலைவில் தேட வேண்டியதில்லை.

பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையை முடத்தாமக்கண்ணியார் பாடினார். கரிகாற்சோழன் தன்னை நாடி வந்த பொருநனுக்கு அளித்த விருந்து அதில் விரிவாக வருகிறது. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி அங்கே பரிமாறப்படுகிறது. சூடு தாங்காமல் பொருநன் அதை வாயில் இப்பக்கமும் அப்பக்கமுமாக மாற்றி மாற்றித் தின்கிறான். இரவும் பகலும் இறைச்சி தின்றதால் பற்கள் உழுத கொழுவைப்போல் தேய்ந்தன என்றும் கூறுகிறான். அந்தக் கம்பிக்குப் புலவர் இட்ட பெயர் 'காழ்'. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ச்சொல் இது.

அதே தொகுப்பில் உள்ள நக்கீரரின் நெடுநல்வாடை, ஐப்பசி கார்த்திகைக்குரிய கூதிர்ப் பருவத்தைப் பாடுகிறது. மழை வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மந்தையை ஓட்டிச் சென்ற இடையர்கள், கன்னம் நடுங்கக் கொள்ளியில் கை காய்ச்சுகிறார்கள். நகரத்தார் குளிர்ந்த நீரைத் தவிர்த்து, அகன்ற வாயையுடைய 'தடவு' என்னும் கணப்புச் சட்டியின் நெருப்பை நாடுகிறார்கள். இங்கே நெருப்பு குளிர்காய்வதற்கு மட்டுமே. சமையல் பேசப்படவில்லை. அதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பிக்காமல் இருந்திருந்தால், காழும் தடவும் என் மேசைக்கு இவ்வளவு எளிதில் வந்திருக்கமாட்டா. ஏட்டில் எழுதியவரும், காத்தவரும், அச்சிட்டவரும் இருந்ததால்தான் நாம் இன்று உறுதியாகப் பேசுகிறோம்.

இதை எண்ணியபோது என் பாட்டியின் நினைவு வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். அம்மாதமே பினாங்கு அவர்கள் கைக்குப் போயிற்று. அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே தோட்டப்புற மக்களின் உணவாயிற்று. 1943-இல் கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து என் தாத்தாவைச் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிந்தது. அதில் மாண்ட பல்லாயிரம் தமிழர்களுள் தாத்தாவும் ஒருவர். அவ்வாண்டு ஐப்பசி மழையில், கைக்குழந்தையான என் அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த ரப்பர் விறகை ஊதி ஊதிக் கனலாக்கி, அதில் கிழங்கு சுட்டதைப் பாட்டி சொல்வார். உப்புக் கிடைத்த நாள் விருந்து நாள் என்பார். நான் கேட்டதோடு சரி. ஒருவரிகூட எழுதி வைக்கவில்லை. அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

மன்னன் வீட்டுச் சுட்ட இறைச்சிக்கு ஏடு இருக்கிறது. கூலித் தொழிலாளியின் சுட்ட கிழங்குக்கு ஏடு இல்லை. சான்றில்லாத சாத்தேயை நம்முடையதென்று மார்தட்டிய நான், சான்றாக என் வீட்டிலேயே இருந்தவரைத் தவறவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில், "சாத்தே தமிழ்ச்சொல் என்று நான் உறுதியாகச் சொன்னது தவறு. அது ஒரு கருத்து மட்டுமே" என்றேன். பின்னர் காழையும் தடவையும் கரும்பலகையில் எழுதினேன். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஜப்பானியர் காலத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு வரும்படி பணித்தேன். 22 மாணவர்களில் இருவர் வீட்டில்தான் கேட்பதற்கு ஆள் இருந்தது. அவர்களுள் ஒருவன், அன்று கேள்வி கேட்ட அதே மாணவன். அவனுடைய கொள்ளுப்பாட்டி இன்றுவரை மரவள்ளிக்கிழங்கைக் கையால் தொடுவதில்லையாம். "சாப்பிட்டது போதும் என்று மட்டும் சொன்னார், டீச்சர். இதையும் எழுதலாமா?" என்று கேட்டான். எழுதச் சொன்னேன். நாளும் பெயரும் குறித்து அரைப் பக்கம் எழுதினான்.

பெற்றோர்களே, இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டு முற்றத்திலும் அடுப்பு மூட்டுவீர்கள். அந்தக் காலத்தைக் கண்டவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள். அவர்களை அடுப்பருகே உட்கார வைத்துப் பேசவிடுங்கள். பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.