சித்தி சொன்ன சொல்

கோச்சடையில் மேலக்கால் ரோட்டை ஒட்டி இருக்கிறது சித்தப்பா வீடு. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பத்து வருஷம் மாடக்குளம் கண்மாயைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தார். எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் போனது, எந்த வருஷம் கண்மாய் மறுகால் பாய்ந்தது, எந்த வயல் எப்போது வீட்டுமனை ஆனது. பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. சித்தப்பாவும் இல்லை.

அவர் போன ஆறாவது மாதம் அவருடைய லேப்டாப்பின் மதர்போர்டும் போனது. "டிஸ்க்கைக் கழட்டி வேற லேப்டாப்ல போட்டா எல்லாம் வந்துரும் சித்தி" என்றேன். பன்னிரண்டு வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன் கொடுத்த வாக்கு. என்னிடம் இருந்த வேறு கம்பெனி லேப்டாப்பில் மாட்டினேன். விண்டோஸ் வருவதற்கு முன்பே ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம் வந்து நின்றது.

சித்தி அசரவில்லை. "அது எனக்குத் தெரியும்யா, தெனம் பக்கத்துல இருந்து பாத்தவதான" என்று சொல்லைச் சொன்னார். அடித்தேன். தவறு. இன்னும் இரண்டு முறை. தவறு. அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை, ஆனால் என் முகம் சொல்லியிருக்கும். சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

கணினியில் பாஸ்வேர்டு என்பது ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டபோது வந்த விஷயம். 1961ல் அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை ஓட்டிக் காட்டியது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமலிருக்க ஆளுக்கொரு சொல் கொடுத்தார்கள். மறு வருஷமே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், எல்லோருடைய சொற்களும் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார்.

கணினி மேசைக்கு வந்த பிறகு பூட்டும் கூடவே வந்தது. 1984ல் வந்த ஐபிஎம் பிசி ஏடியின் முகப்பில் நிஜமான சாவித் துவாரமே இருந்தது. 1987ல் வந்த பிஎஸ்/2 வரிசையில் பாஸ்வேர்டு ஒரு குட்டி நினைவகத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கு உயிர் கொடுத்தது ஒரு பேட்டரி. பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு மறந்துபோகும். எங்கள் விடுதியில் பழைய கம்ப்யூட்டர்களை நாங்கள் 'திறந்தது' இந்த வித்தையால்தான்.

லேப்டாப் பரவியபோது திருடனுக்கு வேலை சுலபமானது. டிஸ்க்கை மட்டும் உருவி வேறு இயந்திரத்தில் மாட்டினால் போதும். அதனால் பூட்டை டிஸ்க்குக்குள்ளேயே வைத்தார்கள். 1997ல் வெளியான ஏடிஏ-3 தரநிலையில் இதற்கான விதிகள் இருக்கின்றன. பாஸ்வேர்டு 32 பைட். விண்டோஸோ லினக்ஸோ எட்டிப் பார்க்க முடியாத ஓரிடத்தில் டிஸ்க் அதைத் தானே வைத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிப் பயனில்லை, ஃபார்மட்டும் நடக்காது. ஐந்து முறை தவறினால், அணைத்துப் போட்ட பிறகுதான் மறுபடி கேட்கும். 2001ல் வந்த எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியின் டிஸ்க்கையும் இதே பூட்டால்தான் பூட்டினார்கள்.

பாஸ்வேர்டிலும் இரண்டு உண்டு: பயனருடையது ஒன்று, மாஸ்டர் ஒன்று. பாதுகாப்பு 'ஹை' நிலையில் இருந்தால் மாஸ்டர் திறக்கும். 'மேக்ஸிமம்' நிலையில் இருந்தால் மாஸ்டரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: முழுக்க அழித்துவிட்டு விடுவிப்பது. சித்தப்பாவின் டிஸ்க்கை லினக்ஸில் எச்டிபார்ம் கட்டளையால் விசாரித்தேன். மேக்ஸிமம் என்றது. கடைக்காரர் ஒருவரும் அதையேதான் சொன்னார்: "பாஸ்வேர்ட எடுத்துரலாம் சார், டேட்டா போயிரும்." டிஸ்க் பிழைக்கும், கண்மாய் போய்விடும்.

அன்று இரவு தரநிலையை உட்கார்ந்து படித்தேன். 32 பைட் என்று இருக்கிறது. விசைப்பலகையில் நாம் அடிக்கும் எழுத்து எப்படி அந்த 32 பைட் ஆக வேண்டும் என்று அதில் இல்லை. அதை லேப்டாப் செய்தவர்கள் ஆளுக்கொரு விதமாக முடிவு செய்துகொண்டார்கள். சின்ன 'ஏ' எழுத்தை அடித்தால் ஒரு லேப்டாப் அதன் ஆஸ்கி எண்ணான 97ஐ டிஸ்க்குக்கு அனுப்பும். இன்னொன்று விசையின் ஸ்கேன் கோடான 30ஐ அனுப்பும். மூன்றாவது ஒன்று முழுச் சொல்லையும் கலக்கி வேறு எண்களாக்கி அனுப்பும். திண்டுக்கல் பூட்டுக்கு அதற்கென்று அராவிய சாவி மாதிரி, இந்த டிஸ்க்குக்குச் சொல் மட்டும் போதாது, அதைச் சொன்ன லேப்டாப்பும் வேண்டும்.

சித்தி சொன்ன சொல் சரி. என் லேப்டாப்தான் அதை வேறு மாதிரி உச்சரித்திருக்கிறது.

டவுன்ஹால் ரோடு பக்கம் அலைந்து, சித்தப்பாவுடைய அதே மாடலில் பழையது ஒன்று வாங்கினேன். பேட்டரி கிடையாது, திரையில் ஒரு கோடு. டிஸ்க்கை மாட்டி சித்தி முன்னால் வைத்து, "நீங்களே அடிங்க சித்தி" என்றேன். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடி அடித்தார். திறந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகலெடுத்தேன். பிறகு பயாஸ் அமைப்புக்குள் போய், ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு பகுதியில் பழைய சொல்லை அடித்து, புதியதற்கான இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு என்டர் தட்டினேன். பூட்டு போய்விட்டது. அந்தக் காலத்து டிஸ்க்கில் தகவல் வெறுமனே மூடித்தான் இருக்கும். இப்போது வருகிற பல லேப்டாப்களில் தகவலே சங்கேதமாக மாற்றித்தான் எழுதப்படுகிறது. அங்கே சாவி தொலைந்தால், அதே மாடல் லேப்டாப் கிடைத்தும் பிரயோசனமில்லை.

வரிசையில் முதலாவது பதிவை ஓட்டினோம். ஒரு பெரியவர் மடை திறக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் குக்கர் விசில். "இது அன்னைக்குப் பாதில நின்னுரும்யா, உங்க சித்தப்பா மிசின்ல சார்ஜ் தீந்துருச்சு" என்றார் சித்தி.

பதினோராவது நிமிஷத்தில், ஒரு சொல்லின் நடுவில், நின்றது.