திண்டிவனத்துப் பங்களா

சென்னையிலிருந்து தெற்கே வரும் பாசஞ்சர் வண்டி ஒலக்கூரை விட்டால் அடுத்து பாஞ்சாலம், பிறகு திண்டிவனம். இந்தச் செம்மண் பூமியிலேதான் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் தலையெழுத்து ஒரே ராத்திரியில் மாறிப் போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரியை அறியாத தமிழர் அபூர்வம். அதன் விதை விழுந்த இடம் திண்டிவனம் என்பதை அறிந்தவர்களோ சிலர்தாம்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வைத்தியத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர். 1819-இல் அதை உதறிவிட்டு மனைவி ஹாரியட்டுடன் கப்பலேறினார். பெற்ற தகப்பனாருக்கே அது பிடிக்கவில்லை. கல்கத்தாவில் இறங்கியதும் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார்கள். ஆயினும் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியசாலை வைத்தார்கள். 1836-இல் சென்னைக்கு வந்தார்கள். ஹாரியட் அம்மையார் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளையும் அந்தப் பிள்ளைக்காக ஜெபத்திலேயே கழிப்பார் என்று சொல்வதுண்டு. விருந்தில்லை, பட்சணமில்லை, ஒரு தாயும் ஒரு பிள்ளையும் ஒரு பிரார்த்தனையும். அவர் 1849-இல் சென்னையிலே காலமானார். புதல்வர்களில் ஏழு பேர் இந்தியாவிலேயே ஊழியம் செய்தார்கள். 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவியவர்கள் அவர்களில் மூன்று பேர்.

இப்படிப்பட்ட பக்தி குடும்பத்தைக் கட்டிக் காத்தது என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அதே பக்திதான் அந்தக் குடும்பத்தைக் கடல்களுக்கு அக்கரையிலும் இக்கரையிலுமாகப் பிய்த்துப் போட்டது என்பதையும் சொன்னால்தான் நியாயம். ஏழு புதல்வர்களுள் ஒருவரான இரண்டாவது ஜான் ஸ்கடரின் கடைக்குட்டிப் பெண் ஐடா, 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தவள். குடும்பம் அமெரிக்கா சென்றிருந்தபோது தகப்பனார் முதலில் இந்தியா திரும்பினார். பிறகு தாயார் சோபியாவும், பள்ளியில் படிக்கும் மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தார். கர்த்தருடைய வேலை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா இல்லாத வீட்டில் இருந்த பெண்ணுக்கு அது என்னவாகப் பட்டிருக்கும்? மிஷனரியாக மட்டும் ஆகமாட்டேன் என்று ஐடா உறுதி செய்துகொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1890-இல் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. அவரைக் கவனித்துக்கொள்ள ஐடா திண்டிவனம் வந்தாள். கொஞ்ச காலம் இருந்துவிட்டு அமெரிக்கா போய்விடுவதாகத்தான் எண்ணம்.

ஒரு ராத்திரி பங்களா வாசலில் ஓர் அந்தணர் வந்து நின்றார். சின்னஞ்சிறு மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், நீங்கள் வரவேண்டும் என்று ஐடாவிடம் கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனார் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றாள். அந்நிய ஆண்மகன் என் மனைவியைத் தொடுவதா என்று அவர் திரும்பிப் போய்விட்டார். சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் கனவான் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு ஹிந்து, அவரும் அப்படியே. பொழுது விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. விசாரித்து வர ஆளனுப்பினாள். மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் அந்த மூன்று கணவர்மார்களையும் கல்நெஞ்சர்களாகவே காட்டிவிடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாசமில்லாதவனா நடுநிசியில் மிஷன் பங்களாவைத் தேடி ஓடி வருவான்? பாசமும் இருந்தது, அவரவர் ஆசாரமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டு மூன்று பெண்கள் மாண்டார்கள். பெண் வைத்தியர் ஒருத்தி இருந்திருந்தால் ஆசாரமும் பிழைத்திருக்கும், அவர்களும் பிழைத்திருப்பார்கள். பதில் இவ்வளவு எளிதாக இருந்ததுதான் அந்தப் பெண்ணை உறங்கவிடவில்லை போலும்.

தான் டாக்டருக்குப் படிக்கப்போவதாகப் பெற்றோரிடம் சொன்னாள். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் தேறினாள். 1900 ஜனவரியில் இந்தியா திரும்பினாள். தகப்பனாரிடம் தொழில் பழகலாம் என்ற ஆசை பலிக்கவில்லை. அதே ஆண்டு அவர் காலமாகிவிட்டார். 1902-இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1918-இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி. தமிழ்நாட்டுப் பெண்கள் உடற்கூறு படித்துத் தேறப் போகிறார்களா என்று சிரித்தவர்கள் உண்டு. 1922-இல் முதல் அணியில் பதினான்கு பெண்கள் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள், சிரிப்பு அடங்கிவிட்டது.

ஐடா மணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் வீடு என்று ஒன்று இல்லாமலும் போகவில்லை. கணவர் மறைந்த பின் சோபியா அம்மையார் அமெரிக்காவுக்குப் போகாமல் மகளோடு வேலூரிலேயே தங்கிவிட்டார். சிறு வயதில் விட்டுச் சென்ற பெண்ணின் வீட்டில், 1925-இல் இறக்கும் வரை, கால் நூற்றாண்டு காலம் தாயாக இருந்தார். பின்னாளில் அண்ணன் மகள் ஒருத்தியும் டாக்டராகி அத்தையிடம் வந்து சேர்ந்தாள். அவள் பெயரும் ஐடாதான்.