அலாய் வீல் மாற்றும் முன் பார்க்க வேண்டிய எண்: ‘ஆஃப்செட்’ என்றால் என்ன?

புனே: காருக்குப் புதிய அலாய் வீல் வாங்கச் செல்வோர் கடையில் பெரும்பாலும் கேட்பவை இரண்டு கேள்விகள்தாம்: எத்தனை அங்குலம், என்ன விலை? ஆனால், அந்தச் சக்கரம் காரில் எந்த இடத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது வேறொரு எண். ‘ஆஃப்செட்’ எனப்படும் அந்த எண்ணைப் பார்க்காமல் சக்கரத்தை மாற்றினால் டயர் உரசுவது, பேரிங் விரைவில் தேய்வது, பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுப்பது போன்ற சிக்கல்கள் ஏற்படக்கூடும்.

இந்தியாவின் வாகனத் தொழில் மையங்களில் ஒன்று புனே. பிம்ப்ரி, சாகன் பகுதிகளில் கார் ஆலைகள் இயங்குகின்றன. சக்கரங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகமும் (ஏ.ஆர்.ஏ.ஐ.) இந்நகரில்தான் உள்ளது. அதே நகரில் மழைக்காலப் பள்ளங்களும், காத்ரஜ், போர் காட் மலைப்பாதைகளும், மும்பைக்கான விரைவுச் சாலையும் வாகன ஓட்டிகளின் அன்றாட அனுபவம். பொருந்தாத சக்கரத்தின் குறைகள் வெளிப்படுவதும் இத்தகைய சாலைகளில்தான்.

ஆஃப்செட் என்பது என்ன?

சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு நடுக்கோட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். காரின் ஹப்புடன் சக்கரம் ஒட்டி நிற்கும் தட்டையான பகுதி அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி உள்ளதோ, அதுவே ஆஃப்செட். அந்தப் பகுதி நடுக்கோட்டுக்கு வெளிப்புறமாக இருந்தால் ஆஃப்செட் நேர்மறை. உட்புறமாக இருந்தால் எதிர்மறை. கோட்டிலேயே அமைந்தால் பூஜ்ஜியம்.

சக்கரத்தின் உட்புறத்திலோ, ஆரக்கால்களின் பின்புறத்திலோ ‘ஈ.டி.’ என்ற இரு ஆங்கில எழுத்துகளுடன் இந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். ‘உள்ளழுத்த ஆழம்’ என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம் இது. ஈ.டி. 40 என்றால் ஆஃப்செட் நேர்மறை 40 மில்லிமீட்டர் என்று பொருள்.

எண் உயர உயர, சக்கரம் காரின் உட்புறமாக நகரும். எண் குறையக் குறைய, வெளிப்புறமாகத் தள்ளி நிற்கும். முன்சக்கர இயக்கம் கொண்ட இன்றைய கார்களில் பெரும்பாலும் 35 முதல் 50 வரையிலான எண்கள் காணப்படுகின்றன. ஆழமான கிண்ணம் போலத் தோன்றும் ‘டீப் டிஷ்’ வகைச் சக்கரங்களில் இந்த எண் மிகக் குறைவாகவோ, எதிர்மறையாகவோ இருக்கும்.

கடைக்குச் செல்லும் முன் ஒரு கணக்கு

ஆஃப்செட்டைத் தனியாகப் பார்ப்பது போதாது. சக்கரத்தின் அகலத்துடன் சேர்த்தே கணக்கிட வேண்டும். இதற்குத் தாளும் பேனாவும் போதும்.

எடுத்துக்காட்டாக, ஒரு காரின் மூலச் சக்கரம் 6 அங்குல அகலமும் ஈ.டி. 40-உம் கொண்டது எனக் கொள்வோம். 6 அங்குலம் என்பது 152.4 மி.மீ. அதில் பாதி 76.2 மி.மீ. இதிலிருந்து 40-ஐக் கழித்தால் 36.2. ஹப்பிலிருந்து சக்கரம் வெளிப்புறமாக நீளும் அளவு அது. 40-ஐக் கூட்டினால் 116.2. அது உட்புறமாக நீளும் அளவு.

இதற்குப் பதிலாக 7 அங்குல அகலமும் அதே ஈ.டி. 40-உம் கொண்ட சக்கரத்தைப் பொருத்தினால், அகலத்தில் பாதி 88.9 மி.மீ. ஆகிறது. வெளிப்புற அளவு 48.9, உட்புற அளவு 128.9. அதாவது, இருபுறமும் தலா 12.7 மி.மீ. கூடுகிறது. ஆஃப்செட் எண் மாறாதபோதும் உட்புறத்தில் ஷாக் அப்சார்பருக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்த இடைவெளி அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

அதே 7 அங்குலச் சக்கரம் ஈ.டி. 25 ஆக இருந்தால் வெளிப்புற அளவு 63.9, உட்புற அளவு 113.9. உட்புறத்தில் 2.3 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனால் வெளிப்புறத்தில் சக்கரம் 27.7 மி.மீ. துருத்தி நிற்கிறது. ஆள் ஏறாத காரில் இது அழகாகத் தெரியலாம். ஐந்து பேரும் பயணப் பெட்டிகளும் ஏறிய பின்னர், பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்கார்டின் விளிம்பை உரசும் வாய்ப்பு அதிகம்.

எண் மாறினால் என்ன ஆகும்?

உரசல் காதில் கேட்கும் சிக்கல். கேட்காத சிக்கல்கள் வேறு உண்டு.

முதலாவது, வீல் பேரிங் மீதான சுமை. டயர் தாங்கும் எடை பேரிங்கின் எந்தப் பகுதியில் விழ வேண்டும் என்பதைக் கணக்கிட்டே உற்பத்தியாளர் ஆஃப்செட்டை நிர்ணயிக்கிறார். சக்கரம் வெளிப்புறமாக நகர்ந்தால், அதே எடை கூடுதல் நெம்புவிசையாக மாறுகிறது. இடுப்பில் அணைத்துத் தூக்கும் குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் தோள் நோகும் அல்லவா? பேரிங்குக்கும் சஸ்பென்ஷன் இணைப்புகளுக்கும் நேர்வது அதுவே. எடை கூடாமலேயே சுமை கூடுகிறது.

இரண்டாவது, ஸ்டீயரிங்கின் நடத்தை. முன்சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சுக்கோட்டைத் தரை வரை நீட்டினால் அது ஒரு புள்ளியில் தரையைத் தொடும். அந்தப் புள்ளிக்கும், டயர் தரையில் பதியும் பகுதியின் நடுவுக்கும் உள்ள தூரம் ‘ஸ்க்ரப் ரேடியஸ்’ எனப்படுகிறது. ஆஃப்செட் மாறினால் இந்தத் தூரமும் மாறும். ஒருபக்கச் சக்கரம் ஈரத்திலும் மறுபக்கச் சக்கரம் காய்ந்த தரையிலும் இருக்கும்போது பிரேக் பிடித்தால், இந்த மாற்றம் ஸ்டீயரிங் இழுப்பாக வெளிப்படக்கூடும். பள்ளங்களின் அதிர்வும் ஓட்டுநரின் கைக்குக் கூடுதலாக வந்து சேரும்.

மூன்றாவது, எதிர்த்திசைத் தவறு. ஆஃப்செட் மிக அதிகமாக இருந்தால் சக்கரம் உட்புறமாகச் சென்று பிரேக் காலிப்பரையோ, ஷாக் அப்சார்பரையோ தொடும். இதைச் சரிசெய்ய ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே ‘ஸ்பேசர்’ தகடு செருகப்படுவது உண்டு. 10 மி.மீ. ஸ்பேசர் ஆஃப்செட்டை 10 குறைக்கும். அதே வேளையில், போல்ட்டின் மரையில் நட் பிடிக்கும் நீளமும் குறையும். போல்ட்டின் நீளத்தை மாற்றாமல் ஸ்பேசர் மட்டும் செருகுவது ஆபத்தானது.

ஆஃப்செட்டுடன் பொருந்த வேண்டியவை

போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் சேர்ந்தது ‘பி.சி.டி.’ மாருதி சுசூகி பலேனோ, ஹோண்டா சிட்டி கார்களில் இது 4 துளை, 100 மி.மீ. சாகனில் தயாராகும் ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக் ஆகியவற்றில் 5 துளை, 100 மி.மீ.

பி.சி.டி. ஒன்றாக இருந்தாலும் நடுத்துளை வேறுபடலாம். பலேனோவின் ஹப் அளவு 54.1 மி.மீ.; சிட்டியின் அளவு 56.1 மி.மீ. சிட்டிக்கான சக்கரம் பலேனோவில் ஏறிவிடும். ஆனால் நடுவில் 2 மி.மீ. இடைவெளி இருக்கும். அதை நிரப்பும் வளையம் இல்லாவிட்டால் சக்கரம் மையம் விலகி, வேகத்தில் ஸ்டீயரிங் அதிரக்கூடும். சிட்டியின் ஹப்பில் பலேனோவின் சக்கரம் ஏறவே ஏறாது.

நட்டின் அடிப்பகுதி கூம்பு வடிவமா, உருண்டை வடிவமா என்பதையும் பார்க்க வேண்டும். சக்கரத்தின் துளை ஒரு வடிவிலும் நட் வேறு வடிவிலும் இருந்தால், எவ்வளவு முடுக்கினாலும் அது சரியாகப் படியாது.

சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் சிறிதாக வேண்டும். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. 195/55 ஆர்16 டயரின் விட்டம் 620.9 மி.மீ. வேறுபாடு 1 மி.மீ.க்கும் குறைவு என்பதால் வேகமானியின் கணக்கு பிசகாது. ஆனால் பக்கச்சுவரின் உயரம் 120 மி.மீ.யிலிருந்து 107 மி.மீ.யாகக் குறைகிறது. பள்ளத்தின் அடியை ரப்பர் தாங்கிக்கொள்ளும் அளவு குறைந்து, அது உலோகத்துக்குச் செல்லும்.

தரமும் சட்டமும்

1966-இல் நிறுவப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ., புனேயின் வேதாள் குன்றுப் பகுதியில் இயங்குகிறது. சக்கரங்களுக்கான ஏ.ஐ.எஸ். 073 தரநிலையின்படி அலாய் வீல்கள் வளைவுச் சுமை, ஆரச் சுமை, மோதல் ஆகிய சோதனைகளுக்கு உட்படுத்தப்படுகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இலகு உலோகக் கலவைச் சக்கரங்களுக்கென ஐ.எஸ். 16192 என்ற தரநிலையை வகுத்துள்ளது. சக்கரத்தில் தரக்குறியும், அது தாங்கக்கூடிய அதிகபட்ச எடையும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்பதை வாங்குவோர் நேரில் பார்க்க வேண்டும். ஓர் அச்சு தாங்க வேண்டிய எடை 900 கிலோ என்றால், ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 450 கிலோ தாங்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஜெர்மனியில் எந்தக் காருக்கு எந்தச் சக்கரம், எந்த ஆஃப்செட்டில் பொருந்தும் என்பதைக் குறிப்பிடும் ஒப்புதல் ஆவணம் சக்கரத்துடன் வழங்கப்படுகிறது.

இந்தியாவில், அதே மாடலின் ஏதேனும் ஒரு வகைக்கு உற்பத்தியாளர் அளித்துள்ள சக்கர, டயர் அளவுகளுக்குள் நிற்பதே சர்ச்சைக்கு இடமில்லாத வழி. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிப்பதும் அவசியம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* காரின் மூலச் சக்கரத்தில் உள்ள அகலம், ஈ.டி. எண், பி.சி.டி., நடுத்துளை அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும்.

* பழைய சக்கரம் வாங்கும்போது எண் அழிந்திருந்தால் அளந்து பார்க்கலாம். சக்கரத்தைக் குப்புறக் கிடத்தி, பின்விளிம்பின் மேல் நேர்கோல் வைத்து, அங்கிருந்து ஹப் ஒட்டும் பகுதி வரையிலான ஆழத்தை அளக்க வேண்டும். அதிலிருந்து விளிம்புகளையும் சேர்த்த மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் கிடைப்பது ஆஃப்செட். ஆழம் 129 மி.மீ., மொத்த அகலம் 178 மி.மீ. எனில் ஆஃப்செட் 40.

* டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் சக்கரத்தை ஹப்பில் பொருத்தி, பிரேக் காலிப்பரில் இடிக்காமல் சுழல்கிறதா எனப் பார்க்க வேண்டும். டயர் ஏற்றிய சக்கரத்தைப் பெரும்பாலான கடைகள் திரும்பப் பெறுவதில்லை.

* பொருத்திய பின் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்னிருக்கையில் ஆட்களை அமரவைத்து, வேகத்தடை மீது மெதுவாக ஓட்டிப் பார்ப்பது நல்லது.

* நட்டுகளைக் கையேட்டில் கூறப்பட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

* மூல ஆஃப்செட்டிலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் விலகும் சக்கரத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தவிர்ப்பதே பாதுகாப்பானது.